ஆளிவிதை எண்ணெய் நல்லதுதான், ஆனா அடுப்புப் பக்கம் கொண்டு போயிடாதீங்க

எண்ணெய் பாட்டில்ல கோல்டு பிரஸ்டுன்னு, அதாவது சூடு படாம பிழிஞ்சதுன்னு எழுதியிருந்தா போதும், முடி கொட்டாது, சுகர் இறங்கும், மூட்டுவலி போயிடும்னு பெரிய லிஸ்ட்டோட ஒரு ஃபார்வர்டு வந்துடுது. அதுல ஆளிவிதை எண்ணெய், ஃபிளாக்ஸ் சீட் ஆயில்னு விக்கிறாங்களே அது, எனக்கு ரொம்ப பிடிச்ச எண்ணெய்ங்கறதால அதைப் பத்தி மட்டும் கொஞ்சம் விலாவாரியா எழுதலாம்னு உக்காந்தேன். பிடிக்கும்னு சொன்னேன், அந்த லிஸ்ட்டை நம்புறேன்னு சொல்லல.

இதோட சரக்கே ஒமேகா 3ங்கற கொழுப்புதான். அதுல ஏஎல்ஏன்னு ஒரு வகை, ஆல்ஃபா லினோலெனிக் ஆசிட். நம்ம உடம்பு இதைத் தானா தயாரிச்சுக்காது, சாப்பாட்டு வழியாத்தான் வந்தாகணும். இந்த எண்ணெய்ல ஏறக்குறைய பாதி இதுதான், ஒரு டேபிள்ஸ்பூன்ல சுமார் 7 கிராம் இருக்கும். ஆனா ஒரு நாளைக்கு தேவைன்னு சொல்றது ஆம்பளைங்களுக்கு 1.6 கிராம், பொம்பளைங்களுக்கு 1.1 கிராம்தான், அப்ப ஒரு டீஸ்பூனே தாராளம். நல்லதுன்னு சொல்லிட்டாங்களேன்னு டம்ளர்ல ஊத்திக் குடிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், இதுவும் எண்ணெய்தாங்க, ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 120 கலோரி கணக்குல ஏறிடும்.

"மீன் எண்ணெய்க்கு பதிலா இதை எடுத்துக்கலாமா"ன்னு நிறைய பேர் கேக்குறாங்க. முழுசா பதிலா ஆகாது. மீன்ல இருக்கிறது ஈபிஏ, டிஹெச்ஏன்னு வேற ரெண்டு வகை ஒமேகா 3. ஏஎல்ஏவை உடம்பு அதுவா மாத்திக்கும், ஆனா ரொம்ப கொஞ்சமா, அதுலயும் டிஹெச்ஏவா மாறுறது இருக்கே, அது பேருக்குத்தான். சைவம் மட்டும் சாப்பிடுறவங்களுக்கு டிஹெச்ஏவும் வேணும்னா பாசியில இருந்து எடுக்கிற எண்ணெய் கேப்சூல் இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டுட்டு எடுத்துக்கலாம்.

அப்புறம் மலச்சிக்கல் போகும், நார்ச்சத்து நிறைய இருக்குன்னு எண்ணெய் பாட்டில் மேலயே போடுறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு சிரிப்பு வருது. எண்ணெய்ல ஏதுங்க நார்ச்சத்து? அதெல்லாம் பிழிஞ்ச பிறகு புண்ணாக்கோட போயிடுது, லிக்னான்னு சொல்ற தாவரச் சத்தும் பெரும்பாலும் அங்கயேதான். கொலஸ்ட்ரால் குறைஞ்சதுன்னு ஆய்வுகள்ல வந்ததும் விதையா சாப்பிட்டவங்ககிட்டதான் நல்லா தெரிஞ்சது, எண்ணெய்ல அவ்வளவு தெரியல. அதனால ஒரே ஒண்ணுதான் வாங்க முடியும்னா விதையை வாங்கி பொடி பண்ணி சாப்பிடுங்கன்னுதான் சொல்லுவேன். பொடி பண்ணாம முழுசா முழுங்கினா அது வந்த மாதிரியே வெளிய போயிடும்.

சரி, அப்ப கோல்டு பிரஸ்டு எதுக்குன்னா, இந்த ஒமேகா 3க்கு சூடு ஆகாது, வெளிச்சம் ஆகாது, காத்தும் ஆகாது. ரிஃபைண்டு எண்ணெய்னா பெரும்பாலும் ஹெக்ஸேன்னு ஒரு கெமிக்கல்ல கரைச்சு எடுத்து, ப்ளீச் பண்ணி, கடைசியா 200 டிகிரிக்கு மேல சூடாக்கி வாடையை எடுக்கிறாங்க, இதுல அந்த வேலையெல்லாம் கிடையாது, விதையை வறுக்காம சூடேறாம மெதுவா பிழிஞ்சு வடிகட்டினா முடிஞ்சது. அதனாலதான் தேன் மாதிரி ஒரு மஞ்சள் நிறமும் லேசா பருப்பு வாசனையும் இருக்கு. இவ்வளவு கஷ்டப்பட்டு சூடு படாம எடுத்ததை கொண்டு போய் வாணலியில ஊத்தி தாளிச்சா என்ன அர்த்தம், சொல்லுங்க. 107 டிகிரி கிட்டயே புகைய ஆரம்பிச்சிடும். சமைச்சு இறக்கினதுக்கு அப்புறம், ஆறினதுக்கு மேல ஊத்துங்க, இல்லன்னா தயிர்லயோ சாலட்லயோ கலந்துக்கோங்க.

இது எவ்வளவு சீக்கிரம் கெடும்னு பாக்கணும்னா பாட்டில் வாயைப் பாருங்க. மூடி திருகுற இடத்துல வழிஞ்ச எண்ணெயைத் துடைக்காம விட்டா கொஞ்ச நாள்ல பிசுபிசுன்னு ஆகி, அப்புறம் மஞ்சளா கெட்டியா ஒரு தோல் மாதிரி படிஞ்சிடும், மூடியே திறக்க வராது. மத்த சமையல் எண்ணெய் பெரும்பாலும் இவ்வளவு சீக்கிரம் அப்படி காயாது. ஓவியர்கள் ஆயில் பெயிண்ட்ல கலக்குற லின்சீட் ஆயில் இதே விதையோடதுதான், காத்துல இருக்கிற ஆக்ஸிஜனைப் புடிச்சு இறுகுற இந்த குணத்துக்காகத்தான் நூத்துக்கணக்கான வருஷமா அதைப் பயன்படுத்துறாங்க. கான்வாஸ்ல அது வரம், சாப்பிடுற பாட்டில்ல தலைவலி. சின்ன பாட்டிலா, கருப்பு இல்லன்னா பிரவுன் கலர் பாட்டிலா வாங்குங்க, ஃப்ரிட்ஜ்ல வைங்க, திறந்தா ரெண்டு மாசத்துக்குள்ள முடிச்சிடுங்க. நாக்குல ஒரு சொட்டு வச்சதும் நல்லா கசந்தாலோ, பெயிண்ட் டப்பாவைத் திறந்த மாதிரி வாடை வந்தாலோ சாப்பிட வேணாம். பெயிண்ட் கடையில விக்கிற லின்சீட் ஆயிலை மலிவா இருக்கேன்னு சாப்பிட வாங்கிடாதீங்க, பாயில்டுன்னு போட்டிருக்கிறதுல சீக்கிரம் காயறதுக்கு உலோக உப்பெல்லாம் சேத்திருப்பாங்க.

முடிக்குத் தடவலாமான்னா தடவலாம், கொஞ்ச நேரம் பளபளன்னு இருக்கும், ஆனா ராத்திரி முழுக்க வச்சிருந்து தலையணை உறையில பட்டா அந்த வாடை போகவே போகாது. முடி வளருதுங்கறதுக்கெல்லாம் உருப்படியான ஆதாரம் எதையும் நான் பாக்கல. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, ஆபரேஷன் தேதி குறிச்சிருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம தினமும் ஆரம்பிக்காதீங்க.

கசந்து போன மிச்ச எண்ணெயை கொட்டவும் வேணாம். கிரிக்கெட் பேட், சுத்தியல் கைப்பிடி, மண்வெட்டிக் காம்பு மாதிரி மரச் சாமானுக்கு லேசா தேச்சு காய விட்டா மரம் வெடிக்காம இருக்கும், ஆனா காயறதுக்கு நாளாகும். தேச்ச துணியை மட்டும் சுருட்டி குப்பைக் கூடையில போட்டுடாதீங்க, இறுகும்போது வர்ற சூட்டுல அது தானாவே பத்திக்கும், தண்ணியில நனைச்சு வெளிய விரிச்சுப் போட்டு காய வச்சு அப்புறம் போடுங்க.