மைகுருவின் சம்பளம்

ஜிம்பாப்வே எழுத்தாளர் ட்சிட்ஸி டங்கரெம்பாவின் ‘நெர்வஸ் கண்டிஷன்ஸ்’ (1988) நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கதையைச் சொல்லும் தம்புவிடமிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அண்ணன் செத்ததற்கு வருத்தப்படவில்லை என்று முதல் வரியிலேயே சொல்லும் பெண்ணை யார்தான் விடுவார்கள்? ஆனால் இரண்டாவது தடவை படித்தபோது என்னைத் தூங்கவிடாதவர் அவளுடைய பெரியம்மா மைகுரு.

கதை 1960களின் கடைசியில், ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) தொடங்குகிறது. பெரியப்பா பாபாமுகுரு மிஷன் பள்ளித் தலைமையாசிரியர். மொத்தக் குடும்பத்துக்கும் படியளப்பவர். அவர் இங்கிலாந்தில் படித்த பெருமையை ஊரே பேசும். மைகுருவும் அங்கே முதுகலை முடித்தவர் என்பது அதே வீட்டில் வளரும் தம்புவுக்குக்கூட வெகு தாமதமாகத்தான் தெரியவருகிறது. சம்பாத்தியமும் அவர் கையில் தங்குவதில்லை. எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஏடிஎம் கார்டைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டு வாங்கிவரும் எம்.எஸ்ஸி., பி.எட்.கள் உண்டு. அதனால் அந்தப் பக்கங்களை என்னால் வேகமாகப் புரட்ட முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனால் கணவரின் உறவுப் பட்டாளத்துக்கே சமைத்துப்போட்டுக் களைத்துப்போவதும் அவர்தான். ஒருநாள் பொறுமை போய், வீட்டைவிட்டுக் கிளம்பியே விடுகிறார். போன இடம் தம் சகோதரரின் வீடு. ஐந்தே நாளில் பாபாமுகுரு போய் அழைத்துவந்துவிடுகிறார். ‘ஓடினாலும் இன்னொரு ஆணிடம்தானா?’ என்று மகள் நியாஷாவுக்கு ஏமாற்றம். எனக்கு இந்த இடத்தில் நியாஷாமேல் கொஞ்சம் கோபம் வந்தது. பதினாலு, பதினைந்து வயதில் தீர்ப்புச் சொல்வது சுலபம். திரும்பிவந்த மைகுருவின் சிரிப்பில் பழைய இயந்திரத்தனம் குறைந்திருந்ததைத் தம்பு கவனிக்கிறாள். அந்த ஐந்து நாள் வீண்போகவில்லை.

‘படித்த தலைமுறை வந்தால் எல்லாம் மாறிவிடும்’ என்பவர்களுக்கு லூசியாவைக் காட்டலாம். தம்புவின் சித்தி, எழுத்து வாசனை இல்லாதவர், கல்யாணமாகாத கர்ப்பிணி. அவரைப் பற்றிய பஞ்சாயத்தில் அவரையே வெளியே நிறுத்தி ஆண்கள் பேசிக்கொண்டிருக்க, விறுவிறுவென்று உள்ளே போய், அங்கே இருந்த உறவுக்காரர் டேக்ஷ்யூரின் காதைப் பிடித்து இழுக்கிறார். பிறகு பாபாமுகுருவிடமே வேலை வாங்கிக்கொண்டு, விடுதியில் சமைத்தபடி முதல் வகுப்பிலிருந்து படிக்கவும் தொடங்குகிறார்.

பஞ்சாயத்து நடந்த அந்த இரவு, மற்ற பெண்கள் அடுக்களையில் லூசியாவுக்காகக் கொதித்துக்கொண்டிருக்கிறார்கள். மைகுரு மட்டும் தமக்கு இதில் சம்பந்தமில்லை என்று படுக்கப் போய்விடுகிறார். நாவலில் எனக்கு ஒரே குறை, இந்த இருவரும் தனியாக உட்கார்ந்து பேச டங்கரெம்பா ஓர் அத்தியாயம் ஒதுக்கவில்லை.