யார் எடுத்த காட்சி?
ஆசிஃப் கபாடியா இயக்கிய 'ஏமி' (2015) ஆவணப்படத்தில் பேசுகிறவர்களின் குரல்தான் பெரும்பாலும் கேட்கிறது, திரை முழுக்க பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸ்தான். வீட்டு வீடியோவில் 14 வயதில் பாடிச் சிரிக்கிற பெண் நமக்கு ரொம்ப நெருக்கமாகிவிடுகிறாள், அப்புறம் புகழ் வந்ததும் அதே முகம் பாப்பராசிகளின் (பிரபலங்களைத் துரத்திப் படமெடுப்பவர்கள்) ஃபிளாஷ் வெளிச்சத்தில் கண் கூசி ஒதுங்குகிறது. கேமரா யார் கையில் இருந்தது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. பாடல் வரிகளைத் திரையில் எழுத்தாக ஓடவிட்டது அருமை, அவர் தன் வலியைத் தானே எழுதிவைத்திருக்கிறார்.

ஆனால் அவரைத் துரத்தித் துரத்தி எடுத்த காட்சிகளை நாமும் உட்கார்ந்து பார்க்கிறோமே, அது சரியா? 2011ல் 27 வயதில் இறந்துபோனவரிடம் அனுமதி கேட்கவும் முடியாது. கடைசிப் பகுதியில் அவற்றைப் பாதியாகவாவது குறைத்திருக்கலாம்.