மேஜை மேல் வைத்த போன்

முதலில் ஈறில் ரத்தம் கசிந்தது. பல் தேய்க்கும் பிரஷை மாற்றினால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே தொடையில் நீலம் பாரித்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்த அன்று மாலையே ஆஸ்பத்திரியிலிருந்து போன். காலை வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே கிளம்பி வாருங்கள் என்றார்கள். அக்யூட் மைலாய்ட் லுகேமியா. ரத்தப் புற்றுநோயில் வேகமாக முற்றும் வகை. அப்போது என் மகளுக்கு ஏழு வயது.

முதல் கீமோ ஏழு நாள், இரவும் பகலும் சொட்டிக்கொண்டே இருந்தது. நோய் அடங்கியது. ஆனால் அந்தப் புற்று அணுக்களில் இருந்த மரபணு மாற்றத்தைப் பார்த்த டாக்டர், கீமோவோடு நிறுத்தினால் திரும்பி வர வாய்ப்பு அதிகம், ஸ்டெம் செல் மாற்று செய்துவிடலாம், அதாவது எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் தாய் அணுக்களை இன்னொருவரிடமிருந்து எடுத்து ஏற்றிவிடலாம் என்றார். கூடப்பிறந்த ஒருவரின் திசு வகை முழுதாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்புதான். எனக்கு இருப்பது ஒரே தம்பி. பொருந்திவிட்டது என்று தெரிந்ததும் அவன் போனில் சொன்னான்: "அக்கா, தவிட்டுக்கு வாங்கின பிள்ளைன்னு சொல்லி என்னை எத்தனை தடவை அழ வச்சிருப்ப? இப்ப சொல்லு பாப்போம்." சிரிக்க ஆரம்பித்து இரண்டு பேரும் அழுதுவிட்டோம்.

அவனுக்கு நாலு நாள் வயிற்றுத் தோலில் ஊசி போட்டார்கள். மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைக்கிற ஊசி. இடுப்பு எலும்பெல்லாம் விண்விண் என்று வலித்ததாம், எனக்கு அப்போது சொல்லவில்லை. ஐந்தாம் நாள் ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் செல்களைப் பிரித்து, மீதியை மறு கையில் ஏற்றினார்கள். ஐந்து மணி நேரம் அசையாமல் படுத்திருந்தான்.

அதற்கு முன்பே நான் தனி அறைக்குள் போய்விட்டேன். அங்கே நாள்களைப் பின்னோக்கி எண்ணுவார்கள். மைனஸ் ஏழு, மைனஸ் ஆறு என்று. என் சொந்த மஜ்ஜையை மருந்தால் முழுதாக அழிக்கும் நாள்கள் அவை. பாதியில் வேண்டாம் என்று சொல்ல முடியாது, அதற்குப் பிறகு தம்பியின் செல் வந்தால்தான் நான். எல்லாவற்றையும்விட நான் பயந்தது இதற்குத்தான். பூஜ்யம் நாளன்று வந்தது பார்வைக்கு ஒரு சாதாரண ரத்தப் பை. ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டது.

அடுத்த இரண்டு வாரம் வாயிலிருந்து தொண்டை வரை புண். எச்சிலை விழுங்கக்கூட முடியாமல், வலிக்கு மார்ஃபின் ஏறிக்கொண்டிருந்தது. "கொப்பளிக்கிறதை ஒரு வேளைகூட விடாதீங்கம்மா, தினமும் கட்டிலைச் சுத்தியாவது நடங்க" என்று நர்ஸ் சொல்லியிருந்தார். எல்லோரும் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். அந்த நாள்களில் என்னிடம் இருந்த தைரியமெல்லாம், எழுந்து உட்கார்ந்து அந்தத் தண்ணீரை வாயில் வைப்பதற்கே சரியாக இருந்தது.

மகளை உள்ளே விடமாட்டார்கள். வீடியோ காலில் பார்த்தால், மொட்டைத் தலையோடு நான் சிரிப்பேன், அவளும் அழக் கூடாது என்று சொல்லிக் கூட்டி வந்த பிள்ளையாகச் சிரிப்பாள். தாங்க முடியவில்லை. ஒருநாள் கணவரிடம் சொன்னேன்: "யாரும் என்கிட்ட பேச வேண்டாங்க. சாயங்காலம் போனைப் போட்டு மேஜை மேல வச்சிட்டு உங்க வேலையைப் பாருங்க."

அன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் வீடு எனக்குக் கேட்டது. வாளி நிரம்பி வழிகிற சத்தம். குழாயை யார் மூடுவது என்று ஒரு தகராறு. ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழெட்டு வந்ததும் அவள் நிறுத்துவாள், "ஐம்பத்தாறு" என்று நான் இங்கே உதட்டை அசைப்பேன். சாவியைக் காணோம் என்று அவர் தேடுவார். அலமாரியின் இடது கதவு கிறீச்சிடும். அதற்கு எண்ணெய் போடச் சொல்லி ஒரு வருஷமாக நச்சரித்தவள் நான். போடாமல் விட்டதற்கு அன்று அவருக்கு மனசார நன்றி சொன்னேன்.

தினமும் காலையில் நியூட்ரோபில் என்ற, கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைப் பலகையில் எழுதுவார்கள். தொடர்ந்து பல நாள் பூஜ்யம். பதினான்காம் நாள் 120. அப்புறம் 340, 610. ஐந்நூறுக்கு மேல் மூன்று நாள் தொடர்ந்து நின்றால் புது மஜ்ஜை பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். நின்றது.

வீட்டுக்கு வந்த பிறகும் முதல் நூறு நாள் கெடு. உள்ளங்கை சிவந்து தடித்தது. தம்பியின் அணுக்கள் என் தோலை அந்நியமாகப் பார்க்கின்றன என்றார் டாக்டர். மருந்தில் அடங்கியது. இந்தச் சிகிச்சைக்கு வழி திறந்த டோனல் தாமஸுக்கு 1990-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். 1957-ல் இந்தச் சிகிச்சை பற்றி அவர் எழுதிய முதல் கட்டுரையில் வரும் ஆறு நோயாளிகளில் ஒருவர்கூட நூறு நாளைத் தாண்டவில்லை. என் நூறாவது நாள் இரவு பெயர் தெரியாத அந்த ஆறு பேரையும் நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கும் வீட்டில் யாராவது காத்திருந்திருப்பார்கள்.

என் ரத்த வகை ஓ பாசிட்டிவ். சில மாதங்களில் தம்பியுடைய பி பாசிட்டிவாக மாறியது. பழைய மஜ்ஜையோடு சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பாதுகாப்பும் போய்விட்டதால், எல்லாவற்றையும் கைக்குழந்தை மாதிரி மறுபடி போட வேண்டும். தட்டம்மை ஊசி மட்டும் இரண்டு வருஷம் கழித்துத்தான். அன்று மகளும் கூட வந்தாள். நர்ஸ் பஞ்சால் துடைத்ததும் என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணை மூடிக்கோம்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றாள். அவளுக்கு ஊசி போடும்போதெல்லாம் நான் சொன்ன அதே வார்த்தை. கண்ணை மூடிக்கொண்டேன்.