அரிசி மூட்டையும் சுமைதாங்கியும்

2 ஜூன் 2025, திங்கள்

பள்ளிக்கூடம் திறக்கும் நாள். ஐந்தே காலுக்கு எழுந்தேன். நேற்று ராத்திரியே அடுப்படி மேடைக்கு அடியில் எறும்பு வரிசை போவதைப் பார்த்திருந்தேன். அதனால் முகம்கூடக் கழுவாமல் முதல் வேலையாக அரிசி மூட்டையை வெளியே இழுத்தேன். குனிந்த வாக்கிலேயே தூக்கி, இடப்பக்கம் திரும்பி வைக்கப் போனபோது இடுப்பில் சுளீரென்றது. மூட்டை கையை விட்டு நழுவியது. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

அத்தைதான் ஓடி வந்து பிடித்துக்கொண்டார். மகளுக்குத் தலை பின்னி, இட்லி கட்டிக் கொடுத்து அனுப்பியதும் அவரே. இவருக்கு (என் கணவருக்கு) ராணிப்பேட்டையில் வேலை, சனிக்கிழமை ராத்திரிதான் வருவார்.

3 ஜூன், செவ்வாய்

டாக்டர் கேட்ட முதல் கேள்விகள் வலியைப் பற்றியவை அல்ல. காலில் மரத்துப்போகிறதா, பாதம் தூக்க முடிகிறதா, சிறுநீர் போவதில் ஏதாவது மாற்றம் உண்டா, தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாதாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டுமாம். எனக்கு எதுவும் இல்லை. தசைப்பிடிப்புதான், இப்போதைக்கு எக்ஸ்ரே வேண்டாம் என்றார். ஓரிரு நாளுக்கு மேல் படுத்தே கிடக்காதீர்கள், வீட்டுக்குள்ளேயே மெல்ல நடங்கள் என்றும் சொன்னார்.

கீழ்வீட்டு அக்கா சுளுக்கு உருவுகிறவரை அழைத்து வருவதாகச் சொன்னார். பாசத்தில் சொல்கிறார். ஆனாலும் வேண்டாம் என்றுவிட்டேன். உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று தெரியாத இடத்தை அழுத்தி உருவுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

5 ஜூன், வியாழன்

பிசியோதெரபி. என்னைவிட ரொம்பச் சின்னப் பெண். “எப்போ தூக்கினீங்க அக்கா?” என்றாள். எழுந்த உடனே என்றேன். “அதுவும் ஒரு காரணம்.”

முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் தட்டுகள் ராத்திரி படுத்திருக்கும்போது நீரை இழுத்து உப்பிக்கொள்ளுமாம். காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் உயரமாக இருப்பது அதனால்தான். உப்பியிருக்கும் தட்டு, குனியும்போது அதிக அழுத்தம் வாங்கும். எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடிய பிறகு குனிந்து தூக்கும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

அப்புறம் என் கைப்பையை வாங்கி, வயிற்றோடு அணைத்துப் பிடித்தாள். பிறகு கையை நீட்டிப் பிடித்தாள். பை அதேதான், ஆனால் கை நடுங்கியது. பூங்காவில் இருக்கும் சீசா பலகையை நினைத்துக்கொள்ளச் சொன்னாள். முதுகுத் தசை, எலும்பின் நடுவிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. சுமையை 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் அந்தத் தசை பத்து மடங்கு இழுக்க வேண்டும். 10 கிலோவுக்கு 100 கிலோ இழுவை! உடம்போடு சேர்த்து 20 சென்டிமீட்டரில் பிடித்தால் அது 40 ஆகிவிடும். என் உடம்பின் பாரம் இதில் சேரவில்லை. குனிந்தால் அதையும் அதே தசைதான் தாங்கணும்.

இத்தனை வருஷம் எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. “பார்த்துத் தூக்கு” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். எதைப் பார்ப்பது?

8 ஜூன், ஞாயிறு

இவர் பழைய பேப்பர் கடைக்காரரிடம் தராசு இரவல் வாங்கி வந்து, வீட்டில் நான் தூக்குகிற எல்லாவற்றையும் நிறுத்தார். தண்ணீர் கேன் 20 லிட்டர், கேனோடு சேர்த்து 21 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 15. சிலிண்டரில் வாயு 14.2, இரும்பு 15.3, ஆக 29.5. மகளின் புத்தகப் பை 5.1. அவள் எடை 39. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்பது 2020-இல் வந்த பள்ளிப் பைக் கொள்கை. இன்று ராத்திரியே இரண்டு புத்தகங்களையும் பாதித் தண்ணீரையும் வெளியே எடுத்தாயிற்று.

அரிசி மூட்டை 25 என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். 26 காட்டியது. பிறகுதான் ஞாபகம் வந்தது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் மில்காரர்கள் 26 ஆகக் கட்டத் தொடங்கினார்கள். வரி மிச்சம் சரி, அந்த ஒரு கிலோவும் தூக்குகிறவர் முதுகில்தானே ஏறுகிறது.

இவர் தேடிப்பிடித்த இன்னொரு கணக்கு. அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனம் 1991-இல் திருத்திய, சுமை தூக்குவதற்கான சூத்திரத்தில், எல்லாம் சாதகமாக இருந்தாலே 23 கிலோதான் எல்லை. சாதகம் என்றால்: சுமை உடம்பை ஒட்டி இருக்கணும், கை 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கணும், திரும்பக் கூடாது, பிடி நன்றாக இருக்கணும். நான் திங்கட்கிழமை செய்ததில் இதில் ஒன்றுகூட இல்லை.

கேனுக்கு அமுக்குகிற பம்ப் வாங்கிவிட்டோம். இனி கவிழ்த்து வைக்க வேண்டியதில்லை. சிலிண்டருக்குச் சக்கரம் வைத்த ஸ்டாண்ட்.

14 ஜூன், சனி

அரிசிக் கடை வாசலில் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. நின்று பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய அண்ணன் ஒருவர் மூட்டையை எடுப்பதற்கு முன் ஒரு மூலையை மட்டும் தூக்கிக் கனம் பார்க்கிறார். ஒரு காலை முன்னால் வைத்து, முட்டி மடக்கி, மூட்டையை நெஞ்சோடு சேர்த்த பிறகுதான் எழுகிறார். திரும்ப வேண்டுமென்றால் பாதத்தோடு திரும்புகிறார், இடுப்பை முறுக்குவதே இல்லை.

கேட்டேன். “தூக்குறதுல பாதிப்பேர் கவனமா இருப்பாங்கம்மா. இறக்குறதுலதான் இடுப்பு போகும்” என்றார். லாரித் தட்டு உயரத்திலிருந்து முதுகில் வாங்குவது அவருக்குக் கஷ்டமில்லையாம். தரையில் கிடப்பதை எடுப்பதுதான் வேலையாம்.

17 ஜூன், செவ்வாய்

அந்த அண்ணன் சொன்னதை அத்தையிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டிருந்துவிட்டு, “அதுக்குத்தானம்மா சுமைதாங்கி” என்றார்.

அத்தைக்கு அறந்தாங்கிப் பக்கம். சந்தைக்குப் போகும் பாதையில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்களாம். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் கையும் கேட்காமல் கூடையை அதன்மேல் இறக்கி, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தலையை அடியில் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். தரை வரை இறக்கினால் ஏற்றிவிட ஆள் வேண்டும். கல்லில் இறக்கினால் வேண்டாம்.

வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்தக் கல்லை நடுவார்களாம். இறக்கி வைக்காமலே போன சுமை. அத்தையின் பெரியம்மாவுக்கும் ஒன்று நட்டார்களாம். சின்ன வயதில் விறகுக்கட்டோடு வரும்போதெல்லாம் அதில்தான் இறக்குவாராம். “கட்டை வச்சிட்டு, பெரியம்மான்னு ஒரு தடவை தொட்டுக்குவேன்” என்றார். கல்லில் வெட்டியிருந்த பெயர் அப்போதே தேய்ந்திருந்ததாம்.

எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

22 ஜூன், ஞாயிறு

அம்மாவின் பழைய தையல் மிஷின் மேசை பரணில் கிடந்தது. இவரும் கீழ்வீட்டு அண்ணனுமாக இறக்கினார்கள். மிஷினைக் கழற்றிவிட்டு, இரும்புக் கால்மேல் தடித்த பலகையை அடித்தாயிற்று. டேப் வைத்து அளந்தேன். 76 சென்டிமீட்டர்.

27 ஜூன், வெள்ளி

புது மூட்டை வந்தது. கடைத் தம்பி வழக்கம்போல மேடைக்கு அடியில் தள்ளப் போனான். “இதுமேல வைப்பா” என்றேன். தோளிலிருந்து குனியாமலே பலகையில் சாய்த்துவிட்டு, “இது நல்லாயிருக்கேக்கா” என்று கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். தையலைப் பிரித்து, நின்றபடியே படியால் அள்ளி டப்பாவை நிரப்பினேன். வலி இல்லை.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்த அத்தை, மேசையின் இரும்புக் காலில் ஒரு மஞ்சள் பொட்டு வைத்தார். எதுவும் சொல்லவில்லை. ஒரு தடவை தொட்டுக்கொண்டார்.