கோத்தகிரிக் குளிரும் மலேரியா நடுக்கமும்

சென்னையில் ஒரு கட்டட வேலையிடத்தில் ஒரு மாதம் தங்கிவிட்டுக் கோத்தகிரி வந்த நாலாம் நாள் நடுக்கம் பிடித்தது. இரண்டு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. "டிசம்பர்ல இங்க யாருக்குங்க நடுங்கல?" என்று கிளினிக்கில் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். நடுவட்டத்தில் சிங்கோனா மரம் வளர்த்து, அதன் பட்டையிலிருந்து மலேரியா மருந்தான கொயினா எடுத்த நீலகிரி மலைதான் இது!

மறுநாள் ஒன்றுமே இல்லை, கடைக்குக்கூடப் போய் வந்தேன். அதற்கு மறுநாள் அதே மூன்று மணிக்குத் திரும்ப வந்தது. வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கு இந்த 48 மணி நேரக் கணக்கு உண்டு. ஆனால் ஆரம்பத்தில் தினமும் காய்ச்சல் வரலாம் என்பதால் முறை தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கிருமியைத் தேடி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கும் முதல் ஸ்லைடு நெகட்டிவ். மறுநாள் திரும்ப எடுத்தபோதுதான் சிக்கியது. சென்னையில் இருந்ததை நான் முதலிலேயே சொல்லாததும் தப்பு.

குளோரோகுயின் மாத்திரை என் எடைக்கு 4, 4, 2 என்று மூன்று நாள். இரண்டாம் நாள் சாயங்காலம் 102. மருந்து கேட்கவில்லை என்று ஆட்டோ பிடித்து ஓடினோம். "ரத்தத்துல இருக்கிற கிருமி ஒரே நாள்ல போயிடாது, மூணு நாள் பாருங்கண்ணா" என்றார் நர்ஸ். மூன்றாம் நாள் ஸ்லைடு சுத்தம். அதற்குப் பிறகும் கிருமி தெரிந்தால்தான் மருந்தைச் சந்தேகிக்க வேண்டுமாம்.

முடிந்தது என்று நினைத்தேன். கல்லீரலில் தூங்கும் கிருமிக்கு பிரைமாகுயின் 14 நாள். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருந்தால் அந்த மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும், ரிப்போர்ட் பார்க்காமல் எழுத மாட்டேன் என்றார் டாக்டர். ரத்தம் கோயம்புத்தூர் லேபுக்குப் போனது. ஐந்து நாளாகப் போனை யாரும் எடுக்கவில்லை. நேரே போனால், "ரசீது இல்லாம தர முடியாது சார்." பெயர், வயது, தேதி எல்லாம் சொன்னேன். லேப் ஊழியர் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைக்கூடத் திருப்பவில்லை. ரசீது வீட்டில் ஸ்வெட்டர் பையில்! அன்றைக்கு மேட்டுப்பாளையம் வளைவுகளில் வாந்தி வந்ததுதான் மிச்சம். கிடைத்த அன்றே ரசீதைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

ரிப்போர்ட் நார்மல். பிரைமாகுயினை வெறும் வயிற்றில் போட்டு ஒரு நாள் சுருண்டு கிடந்தேன்; சாப்பிட்ட பிறகே போடுங்கள். சிறுநீர் கறுத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். தினமும் காலையில் பயந்து பயந்து பார்த்தேன். ஏழாம் நாள், "நல்லாத்தானே இருக்கே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்றார் அம்மா. அவர் கண்ணில் படாமல் அட்டையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்து, பதினாலையும் முடித்தேன்.