திறக்க மறுத்த சிலிண்டர்

ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு சுடுதளத்தில் நடந்தது இது. என் பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மிலிட்டரி அண்ட் போலீஸ் ரிவால்வர், .38 ஸ்பெஷல் தோட்டா போடுவது. இந்த வகைக்கு மாடல் 10 என்று பெயர் வந்தது 1957-இல். என்னுடையது அதற்கும் முந்தியது, பல கை மாறி வந்தது.

6 தோட்டா போட்டு 4 சுட்டிருந்தேன். 5-ஆவதுக்குக் குதிரை (பின்னாலிருந்து தோட்டாவை அடிக்கும் சுத்தி) விழுந்தது, வெடிக்கவில்லை. சில சமயம் தாமதமாக வெடிக்கும் என்பதால் குழலை இலக்குப் பக்கமே பிடித்தபடி 30 விநாடி காத்திருந்தேன். அப்புறம் விசையை இழுத்தால் அசையவே இல்லை. தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையான சிலிண்டரும் திறக்கவில்லை. உள்ளே சுடாத தோட்டா இரண்டு. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

தள அதிகாரி அருகில் வந்து நின்றார். "பலத்தைக் காட்டாதே, முதலில் கம்பியைப் பார்" என்றார். காலி உறைகளை வெளியே தள்ளும் கம்பி குழலுக்குக் கீழே இருக்கிறது. அது மரை தளர்ந்து வெளியே வந்தால் நீளம் கூடிவிடும். முன்முனை பூட்டில் முட்டி சிலிண்டரை இறுக்கிவிடும். அந்தக் காலத் துப்பாக்கிகளில் இதற்கு வழக்கமான வலது மரைதான். சைக்கிளின் இடது பெடலில் இருப்பது போன்ற எதிர்மரை 1960-களின் தொடக்கத்தில்தான் வந்தது. குழலை இலக்குப் பக்கமே வைத்து, விரலைக் குழல் வாய்க்கு முன்னே கொண்டுபோகாமல், கம்பித் தலையைக் கடிகாரச் சுற்றில் மெல்லத் திருகினேன். முக்கால் சுற்று உள்ளே போனது. சிலிண்டர் திறந்துகொண்டது.

வீட்டில் துப்பாக்கி காலிதானா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். உறையைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத வெடிமருந்துத் துகள்கள், கடுகு நொய் மாதிரி ஒட்டியிருந்தன. ஒரு துகள் சிக்கினாலே தகடு சரியாக உட்காராது, சிலிண்டர் உரசும். பல் துலக்கும் பழைய பிரஷால் தேய்த்தெடுத்தேன். பிறகு காலி உறைகளை எல்லா அறைகளிலும் போட்டேன். இதை விடக் கூடாது: உறைகள் தகட்டைத் தாங்கிப் பிடிக்காவிட்டால், கம்பியை முறுக்கும்போது அதன் சிறு ஊசிகள் வளைந்துவிடும். கம்பியைத் தோலால் சுற்றி இறுக்கினேன்.

மிச்சம் அந்த வெடிக்காத தோட்டா. அதன் பிரைமரில், அதாவது அடிபட்டுத் தீ மூட்டும் அடிமூடியில், இருந்த தடம் நகம் பட்டது போல மேலோட்டமாக இருந்தது. வெடித்த நாலிலும் நல்ல பள்ளம். தோட்டா தரமில்லாதது என்றுதான் முதலில் நினைத்தேன். கைப்பிடியின் முன்பக்கம், அடியில், குதிரையை அடிக்க வைக்கும் தகட்டு ஸ்பிரிங்கை அழுத்தும் ஒரு திருகு உண்டு. தொட்டுப் பார்த்தால் ஆடியது. விசை இலேசாக வரட்டும் என்று முன்பு யாரோ தளர்த்தியிருக்க வேண்டும். அதனால்தான் குதிரைக்கு அடிக்கும் வேகம் இல்லை. அந்தத் திருகு முழுவதும் இறுகியே இருக்க வேண்டும். இறுக்கினேன், விசை கொஞ்சம் கனத்தது, பரவாயில்லை.

கடைசியாக, காலித் துப்பாக்கியில் சிலிண்டரை விரலால் இலேசாகத் தடுத்தபடி குதிரையை மெல்லப் பின்னுக்கு இழுத்தேன். குதிரை நிற்பதற்கு முன்பே சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறையிலும் பூட்டும் 'டக்' சத்தம் முதலில் கேட்டது. உள்பாகங்களை மூடியிருக்கும் பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை 50 தோட்டா சுட்டேன். ஒவ்வொரு 6-க்கும் பிறகு கம்பித் தலையைத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை.