சுங்கை சிப்புட் அத்த வீட்டு ஜம்பு மரமும் குட்டி வவ்வாலுங்களும்

மலேசியாவுல ஈப்போவ தாண்டி கோலகங்சார் போற பழைய ரோட்டுல வந்தா சுங்கை சிப்புட். 1948-ல இங்க தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜருங்க மூணு பேர சுட்டுக் கொன்னாங்க, அதோட மலாயாவுல அவசரகாலம் வந்துச்சுன்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. நான் போனது அத்த வீட்டுக்கு, சும்மா ரெஸ்ட் எடுக்க.

சுத்தி முன்ன பால்மரமாம் (ரப்பர்), இப்ப எல்லாம் செம்பன. வாசல்ல ஜம்பு மரம் காய்ச்சு கொட்டுது, மாமாவுக்குத்தான் ஒரே கடுப்பு, போர்ச் செவுரு பூரா கற, காடி (கார்) மேல சக்க. "ராத்திரி முழுக்க தின்னுட்டு என் காடி மேலதான் துப்புதுங்கடா"ன்னு பொலம்புறாரு.

இருட்டினதும் டார்ச்சோட உக்காந்து பாத்தேன். எல்லாம் சின்ன சைஸ் பழந்தின்னி வவ்வாலுங்க. மரத்துலயே இருந்து திங்கல, பழத்த கவ்விக்கிட்டு வந்து போர்ச் கூரையில தலகீழா தொங்கிக்கிட்டு மெல்லுது, சாற மட்டும் உறிஞ்சிட்டு சக்கய துப்புது. டிஷ்யூல ஒண்ண எடுத்துப் பாத்தா மெஷின்ல போட்ட கரும்பு சக்க கணக்கா தட்டையா, சொட்டு ஈரம் இல்ல. ஆளு முப்பது நாப்பது கிராம்தான் இருக்கும், காது ஓரத்துல வெள்ளக் கோடு, மூக்கு ரெண்டும் குட்டிக் குழாயாட்டம் நீட்டிக்கிட்டு, ஆம்பளைக்கு கழுத்த சுத்தி செம்பட்ட முடி. பூச்சி தின்னுற வவ்வாலுங்க மாதிரி எதிரொலி கேட்டு பறக்கிறதில்ல, எல்லாம் கண்ணும் மூக்கும்தான்.

அத்தைக்கு வவ்வாலால வர்ற நிப்பா வைரஸ் பயம். நியாயம்தான், 1998-ல ஈப்போ பக்கத்து பன்னிப் பண்ணைங்கள்லதான் அது ஆரம்பிச்சுச்சு, 105 பேர் போய்ட்டாங்க. ஆனா அந்தக் கிருமி இருந்தது கீலுவாங்னு சொல்ற பெரிய பழந்தின்னி வவ்வாலுங்க கிட்ட, இது வேற இனம். அதுக்குன்னு வவ்வால் கடிச்ச ஜம்புவ கழுவித் திங்காதீங்க, தூக்கிப் போட்டுடுங்க.

பகல்ல எங்க படுக்குதுன்னு மாமாவே பின்னாடி கூட்டிட்டுப் போய் காட்டினாரு (இவ்ளோ திட்டுற மனுசன் எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்காரு). விசிறிப் பனை ஓலையோட நரம்ப கடிச்சு விட்டிருக்கு, ஓலை அப்படியே மடிஞ்சு கூடாரமா தொங்குது, உள்ள நாலஞ்சு ஒட்டிக்கிட்டு. கட்டுறது ஆம்பள, பொம்பளைங்க வந்து குடியேறும். காட்டுக்குள்ள இதவிட பொடிசா இன்னொரு வவ்வால் இனம் இருக்கு, றெக்கையில புள்ளி புள்ளியா, எறும்பு கூட்டு அடியில குழி தோண்டி தங்கும்.

காட்டு அத்திப்பழம் தின்னா வெதையும் வயித்துக்குள்ள போயிடும், பறக்குற வழியில எச்சத்தோட விழுந்து எங்கயாச்சும் முளைக்கும்னு மாமாகிட்ட சொன்னேன். "முளைக்கட்டும், என் காடி மேல முளைக்காம இருந்தா சரி"ன்னுட்டாரு. மரத்த வெட்ட அத்த விடமாட்டாங்க, அதனால காடி இப்ப ரோட்டோரமா நிக்குது.